கால் ஊன்றாமல் ஒரு மலை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மலையேறிக்கொண்டிருக்கும் சைக்கிளில், இரண்டு கையையும் விட்டுவிட்டுச் சாமி கும்பிட்டவன் நான். வயது ஐம்பத்தொன்று. படித்தது எஞ்சினியரிங். ஜூருவில் ஒரு தொழிற்சாலையில், மற்றவர்கள் செய்யும் தவறுகளைக் கண்டுபிடிப்பதற்காக எனக்கு மாதாமாதம் சம்பளம் தருகிறார்கள். இந்தக் குறிப்பை அவர்கள் படிக்காமல் இருக்க வேண்டும்.

பினாங்குக்கு வந்து இந்த மாதத்தோடு இருபத்திரண்டு வருஷம். வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி ஏதாவது எழுது, எழுது என்று ஊர் நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலத்தைப் பற்றி எழுதலாம். தினமும் அதன் மேல்தான் ஜெலுத்தோங் வீட்டிலிருந்து ஜூருவுக்குப் போய் வருகிறேன். சாப்பாட்டைப் பற்றி எழுதலாம். என் வயிற்றைப் பார்த்தாலே அதைத் தெரிந்துகொள்ளலாம், தனியாக எழுத வேண்டியதில்லை. ஆனால் போன மாதம் ஒரு மலைச்சாலையில் நான் பார்த்ததைத்தான் எழுத வருகிறது. அதை எழுத வேண்டுமென்றால், அங்கே நான் எப்படி விழுந்தேன் என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

2

சைக்கிளுக்கு என்னை இழுத்துவிட்டது என் மகள் கயல்விழி. பத்தொன்பது வயது. பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயம் ஓடியவள், முழங்காலில் அடிபட்டதும் டாக்டர் சொல்லி சைக்கிளுக்கு மாறினாள். முழங்கால் சரியாகிவிட்டது. சைக்கிள் அவளை விடவில்லை. தோழிகளோடு ஆங்கிலமும் மலாயும் பேசுவாள், அம்மாவோடு தமிழ் பேசுவாள். என்னோடு பேசுவது குறைந்துகொண்டே வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, பின்னாலேயே போனால் இரண்டு வார்த்தை பேசலாமே என்று நானும் ஒரு சைக்கிள் வாங்கினேன். மலையேறும்போது யாராலும் பேச முடியாது என்பது வாங்கிய பிறகுதான் தெரிந்தது.

என் மனைவி ராதா இங்கேயே பிறந்தவள், சுங்கை பாக்காப்காரி. புதுச் சைக்கிளுக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் ஏறக் கூடாது என்று அவள் வீட்டில் சொல்லிவிட்டார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அந்தச் சக்கரம் என் கட்டைவிரல் அகலம்கூட இல்லை. பழம் நசுங்காமல் நழுவி, உருண்டு, எதிர்வீட்டுக் கதவுக்கு அடியில் போய்விட்டது. கயல் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பா, எலுமிச்சம்பழத்தையே உங்களால ஏற முடியல."

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குத் தலைவர் காதர் அண்ணே. ஜார்ஜ் டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மலை வந்தால் சீட்டியடித்துக்கொண்டு ஏறுவார். தீவின் இந்தப் பக்கத்திலிருந்து பாலிக் பூலாவுக்குப் போகும் வளைவுச் சாலையில் முதல் தடவை நான் நாக்குத் தள்ளி நின்றபோது, பக்கத்தில் வந்து, இங்கே எல்லாரும் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் 'லா'வோடு அன்பாகச் சொன்னார்: "தம்பி, அந்த வயித்த கீழ எறக்கி வச்சிட்டு ஏறுங்க லா. திரும்பி வரும்போது எடுத்துக்கலாம்."

"அத தூக்கிட்டுப் போனா உங்க கடைக்கே ஒரு விளம்பரம் அண்ணே," என்றேன். மூச்சு இருந்திருந்தால் இன்னும் நன்றாகச் சொல்லியிருப்பேன்.

ஒரு வருஷம் அந்த மலையில் விழுந்து புரண்டேன். தெலுக் பஹாங் பக்கம் போய், அணைக்கட்டைத் தாண்டி, துரியான் தோப்புகள் வழியாக ஏறி இறங்கும் பாதையிலும் போனேன். மழை விட்டதும் சாலையிலிருந்து ஆவி எழும். வளைவுகளில் தலைக்கு மேலே காடு மூடியிருக்கும். அந்த நேரத்தில் வாயாடியான நானே பேச்சை மறந்துவிடுவேன் என்று கண்டுகொண்டேன். ராதா இதை ஒரு வைத்தியமாகவே நினைக்கிறாள்.

3

இப்போது ஊர்க் கதை. எங்கள் ஊர் போடிநாயக்கனூர். சுருக்கிப் 'போடி' என்பார்கள். வீட்டில் மகளிடம் ஊர்ப் பெயரைச் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர் நான் அவளைத் திட்டுவதாக நினைப்பார். ஊருக்கு மேலே போடிமெட்டு. பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறினால் கேரளா. ஏலத் தோட்டத்துக்கு விடியற்காலையில் வரிசையாக ஜீப்புகள் போகும். கல்லூரி விடுமுறையில் ஒரு தோட்டத்தில் கணக்கு எழுதப் போனேன். தினமும் அந்த ஜீப்பில்தான் ஏறி இறங்க வேண்டும். இரண்டாவது வளைவில் கண்ணை மூடுவேன். நாலாவது வளைவில் பாலிதீன் பையைத் திறப்பேன். எதிரில் உட்கார்ந்திருக்கும் அக்காக்கள், "கணக்கப்பிள்ளை ஆரம்பிச்சிட்டாரு," என்று காலைத் தூக்கிக்கொள்வார்கள். அந்த மலையடிவாரத்திலேயே பிறந்து வளர்ந்தவன் அந்த மலையை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பையைத்தான் பார்த்திருக்கிறேன்.

சைக்கிள் ஓட்ட ஆரம்பித்த பிறகு எனக்கு ஒரு ஆசை பிடித்துக்கொண்டது. அந்தப் பதினேழு வளைவையும் கண்ணைத் திறந்துகொண்டு, மெதுவாக, கயலோடு ஏற வேண்டும். அவள் படிப்புக்காகக் கூச்சிங் போகப் போகிறாள். கூச்சிங் இதே மலேசியாதான், ஆனால் கடல் தாண்டி. அங்கே இறங்கினால் சொந்த நாட்டுக்காரிக்கே கடவுத்தாளில் முத்திரை குத்துவார்களாம். அதற்குள் போய்வர வேண்டும்.

கேட்டேன். "வரல," என்றாள்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

பன்னிரண்டு வயதில் அவளை ஊருக்குக் கூட்டிப்போயிருந்தேன். சென்னை விமான நிலையத்திலேயே பிரிந்துவிட்டோம். என் கையில் இந்தியக் கடவுத்தாள், அவர்கள் இருவர் கையிலும் மலேசியக் கடவுத்தாள். நான் பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டேன். அவளும் ராதாவும் வெளிநாட்டார் வரிசையில் நின்றார்கள். கைரேகை வைக்கச் சொன்னார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பெட்டிகளோடு நின்று நான் கையாட்டினேன். வெளியே வந்ததும், "இது உங்க நாடா, நம்ம நாடா?" என்று கேட்டாள். பினாங்கில் எங்கள் வீட்டில் இரண்டு நீல அடையாள அட்டை, ஒரு சிவப்பு அட்டை. நீலம் குடிமக்களுக்கு, சிவப்பு என்னைப் போல நிரந்தரமாகத் தங்கிவிட்டவர்களுக்கு. அந்தச் சிவப்பு அட்டைக்காக நான் ஏறி இறங்கிய மாடிப்படிகளைச் சேர்த்தால் அதுவே ஒரு போடிமெட்டு. எந்த அதிகாரியும் அவள் கேட்ட மாதிரி கேட்டதில்லை. வழக்கம்போல ஒரு ஜோக் சொல்லிச் சமாளித்தேன்.

அண்ணன் வீட்டுக்குப் போனதும் அண்ணி, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டாள். "பசியாறிட்டேன் லா, பெரியம்மா," என்றாள் கயல். பினாங்கில் சாப்பிட்டேன் என்பதை அப்படித்தான் சொல்வோம். வீடே சிரித்தது. அன்றிலிருந்து வருகிறவர்கள் முன்னால் எல்லாம் அவளை நிற்க வைத்து, "சொல்லு, சொல்லு, பசியாறிட்டேன் லா," என்றார்கள். முதல் நாள் அது செல்லம் என்று நினைத்து அவளும் சொன்னாள். மூன்றாம் நாள் அவளுக்குப் புரிந்துவிட்டது. நான்காம் நாளிலிருந்து யார் எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினாள். அந்த நாலு நாளும் சத்தமாகச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். சிரித்ததோடு விடவில்லை. அவள் சொல்வதை வீடியோ எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன். அதற்குப் பிறகு அவள் ஊருக்கு வந்ததேயில்லை.

நான் விடாமல் நச்சரித்ததில் ஒருநாள் அவளே சொன்னாள். "சரி, பெட் கட்டலாம். சிம்பாங் பூலாய்லேர்ந்து கேமரன் மல. அம்மா காடி நிக்கிற இடத்துல மட்டும் எறங்கலாம், ரெண்டே தடவ. வேற எங்கயும் கால் கீழ படக் கூடாது."

காடி என்றால் இங்கே கார்.

"ஜெயிச்சா?"

"போடிக்கு வரேன்."

"தோத்தா?"

"இனிமே அதப் பத்திக் கேக்கவே கூடாது. எப்பவுமே."

ராதா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, பாலிக் பூலாவ்ல ஏறவே உங்களுக்கு நாலு தடவ சாமிய கூப்பிடணும். அது அம்பது கிலோமீட்டருக்கு மேல லா."

"கூப்பிட்டா வருவாரு," என்றேன். அந்தப் பேச்சை அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும்.

4

சிம்பாங் பூலாயில் வெளிச்சம் வரும் நேரத்துக்குக் கிளம்பினோம். கயல் முன்னால், நான் நடுவில், ராதாவின் கார் பின்னால். தொடக்கத்தில் சுண்ணாம்புக் குன்றுகள். பாதியை வெட்டியெடுத்துவிட்டார்கள். வெட்டிய இடம் வெள்ளை வெளேரென்று, கடித்த தேங்காய்ச் சில்லு போல இருந்தது. பிறகு வீடுகள் குறைந்தன, சாலை தூக்க ஆரம்பித்தது.

அந்தச் சாலை செங்குத்தாக ஏறி ஆளைப் பயமுறுத்தாது. அகலமாக, மரியாதையாக ஏறிக்கொண்டே இருக்கும். ஏறி முடித்துவிட்டோம் என்று நினைக்கும் இடத்தில் ஒரு வளைவு. அதைத் தாண்டினால் இன்னும் உயரமான இன்னொரு வளைவு. மேலேயிருந்து காய்கறி லாரிகள் இறங்கும்போது சூடான பிரேக் வாசனையும் கோஸ் இலை வாசனையும் ஒன்றாக வரும்.

முதல் ஓய்வு இடத்துக்கு முன்னால், இடது பக்கம் ஒரு மரத்தடியில் சின்னக் கோயில். மஞ்சள் துணி கட்டிய சூலம், எலுமிச்சைப் பழம், அணைந்த ஊதுபத்தி. எங்கள் ஊர்ப் பக்கம் மலையேறும் டிரைவர்கள் இப்படிப்பட்ட இடத்தில் ஸ்டியரிங்கையே விட்டுவிட்டுக் கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். பார்த்துப் பார்த்து என் கைக்கும் அந்தப் பழக்கம். என்னைக் கேட்காமலே இரண்டு கையும் மேலே போய்க் கூப்பிக்கொண்டன. பஸ்ஸுக்கு ஆறு சக்கரம். எனக்கு இரண்டு.

நடந்து போகிறவர் என்னை முந்தியிருப்பார், அவ்வளவு வேகத்தில்தான் விழுந்தேன். விழுவதற்கே நிறைய நேரம் இருந்தது. இந்தச் சைக்கிள் செருப்புக்கு அடியில் ஒரு பூட்டு உண்டு. அது பெடலைக் கவ்விக்கொள்ளும், குதிகாலை வெளியே திருப்பினால்தான் விடும். நான் திருப்பவில்லை. கைதான் கும்பிட்டுக்கொண்டிருந்ததே. சைக்கிளோடு சைக்கிளாக, மல்லாந்த வண்டு மாதிரி புல்லில் கிடந்தேன். தோள் பட்டது, முழங்கை பட்டது, இடுப்பு பட்டது.

கயல் திரும்பி வந்தாள். அடிபட்டதா என்று கேட்பாள் என்று நினைத்தேன். குனிந்து என் பாதங்களைப் பார்த்தாள்.

"அசையாதீங்க பா. கால் இன்னும் பெடல்லதான் இருக்கு."

"அப்போ?"

"கால் கீழ படல. மத்ததெல்லாம் பட்டிருக்கு, அது ரூல்ல இல்ல."

ராதா காரைவிட்டு இறங்கி ஓடி வந்தாள். "அலாமாக், ஐயையோ. மொதல்ல மனுஷன தூக்குடி."

"சைக்கிளோட தூக்கணும்மா. தனியா தூக்குனா தோத்துருவாரு."

அம்மாவும் மகளும் இழுத்துப் பார்த்தார்கள். நான் நகரவில்லை. காதர் அண்ணே சொன்ன வயிற்றைக் கீழே இறக்கி வைக்காமல்தானே வந்திருந்தேன். கீழே போய்க்கொண்டிருந்த காய்கறி லாரி ஒன்று நின்றது. சீனர் ஒருவர் இறங்கி வந்தார். என்ன, ஏது என்று ஒன்றும் கேட்கவில்லை. கயல் மலாயில் ஏதோ விளக்கினாள். அவர் என்னை ஒரு தடவை, என் பாதத்தை ஒரு தடவை பார்த்தார். "போலே, போலே," என்றார். முடியும், முடியும் என்று அர்த்தம். மூன்று பேரும் சேர்ந்து, திருவிழாவில் சாமியை வாகனத்தோடு தூக்குகிற மாதிரி என்னைச் சைக்கிளோடு நிமிர்த்தினார்கள். பிறகு அவர் என் முதுகில் கை வைத்து ஒரு தள்ளு தள்ளினார். சாலை ஏறியது, நானும் ஏறினேன். நன்றி சொல்லத் திரும்பினால் மறுபடியும் விழுவேன் என்று திரும்பவில்லை. அந்த மனிதருக்கு நான் இன்னும் ஒரு நன்றி பாக்கி.

5

இரண்டாவது ஓய்வு இடத்தில், ஒராங் அஸ்லி என்னும் ஆதிவாசி மக்கள் தேனும் பெத்தாய்க் காயும் விற்கிற மூங்கில் கொட்டகையில், வாழைப்பழம் தின்று முழங்கையைக் கழுவினேன். ராதா, "நான் மேல போயி நிக்கிறேன், சோளம் வாங்கி வைக்கிறேன்," என்று காரை எடுத்துக்கொண்டு போனாள். கயலும் அதற்கு மேல் எனக்காக மெதுவாக ஓட்டவில்லை. ஒரு வளைவில் அவளுடைய சிவப்புச் சட்டை தெரிந்தது. அடுத்த வளைவில் தெரியவில்லை.

தனியாக ஏறினேன். மூடுபனி இறங்கிவிட்டது. முன்னால் பத்தடி சாலை, அதற்கப்பால் ஒன்றுமில்லை. குளிர்ந்தது. பினாங்கில் இருபத்திரண்டு வருஷமாக நான் குளிர் என்று சொல்லிவந்தது எல்லாம் ஏர்கண்டிஷன்தான். சாலையோரச் சரிவில் குடை விரித்த மாதிரி பெரிய பெரணி மரங்கள். அவற்றின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம், என் மூச்சு, சங்கிலி. வேறு சத்தமில்லை.

அப்போது பள்ளத்துக்குள்ளிருந்து ஒரு கூப்பாடு எழுந்தது. குரங்குகள். கறுப்பாக, கைகள் நீண்டவை, கழுத்துப் பையை உப்பவைத்துக் கூவுமாம். கயல் முன்பு சொல்லியிருக்கிறாள். ஒன்று கூப்பிட, மலையின் மறுபக்கத்திலிருந்து இன்னொன்று பதில் சொல்ல, அந்தப் பள்ளம் முழுக்க ஒரு பெரிய பானைக்குள் ஊதின மாதிரி அதிர்ந்தது. அதே நேரத்தில் பனி விலகியது. விலகியது என்றுகூடச் சொல்ல முடியாது. யாரோ கதவைத் திறந்துவிட்டார்கள்.

கீழே மலைக்குப் பின்னால் மலை. பச்சை, அதற்குப் பின்னால் கரும்பச்சை, அதற்குப் பின்னால் நீலம், கடைசியில் வானமா மலையா என்று தெரியாத ஒன்று. நடுவில், எதிர்ச் சரிவில், ஒரு சாம்பல் கோடு. தையல் போட்ட மாதிரி மலையைச் சுற்றிச் சுற்றி வந்தது. அது என்ன சாலை, யார் அதில் போவார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் விளங்கியது. அது நான் வந்த சாலை. விழுந்தவனும், தூக்கி நிறுத்தப்பட்டவனும், ஜூருவில் அடுத்தவன் தவறைக் கண்டுபிடிக்கிறவனும், எல்லாரும் அந்த நூலின் மேல் ஊர்ந்துதான் இங்கே வந்திருக்கிறார்கள். மலைக்கு அது தெரிந்திருக்காது. ஒரு எறும்பு முதுகில் ஏறினால் யானைக்குத் தெரியுமா.

போடிமெட்டில் பையைத் திறந்து வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்த அந்தக் கணக்கப்பிள்ளையைத் தட்டி எழுப்ப வேண்டும் போலிருந்தது. முட்டாளே, வெளியே பார், உனக்குப் பக்கத்திலேயே இப்படி ஒன்று இருந்திருக்கிறது என்று. நாலு நாள் ஒரு குழந்தையை நிற்க வைத்துச் சிரித்தவனையும் தட்டி எழுப்ப வேண்டும் போலிருந்தது. இரண்டு பேருக்கும் முகம் ஒன்று. கண் எரிந்தது. வியர்வை என்று சொல்லலாம், ஆனால் அந்தக் குளிரில் எங்கே வியர்வை.

பனி மறுபடியும் மூடியது. சரி, போகலாம் என்று பெடலை மிதிக்கப் போனபோதுதான் கவனித்தேன். என் இடது கால் தரையில் இருந்தது. வலது காலும் இருந்தது. எப்போது திருப்பினேன், எப்போது ஊன்றினேன், ஒன்றும் நினைவில்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்றும் தெரியாது. முன்னால் யாருமில்லை, பின்னால் யாருமில்லை. ஒரு லாரிகூட இல்லை.

6

மேலே ஒரு கடை வாசலில் அம்மாவும் மகளும் சோளம் தின்றுகொண்டிருந்தார்கள். சுற்றிலும் மலைச்சரிவு முழுக்கப் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள். நான் வளைவில் வருவதைப் பார்த்ததும் ராதா எழுந்து நின்று கைதட்டினாள். கயல் கைதட்டவில்லை. கிட்ட வந்து, என் ஹெல்மெட்டில் ஒட்டியிருந்த புல்லை எடுத்துப் போட்டாள்.

"நெசமாவே வந்துட்டீங்க," என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. "சரி பா. நீங்க ஜெயிச்சிட்டீங்க. போலாம்."

ராதா உடனே கைப்பேசியை எடுத்தாள். "ஆகஸ்ட்ல டிக்கெட் பாக்கவா?"

நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், வாயை மூடிக்கொண்டு சோளத்தைத் தின்பது. என் வாழ்க்கையில் அவ்வளவு லேசான வேலை எனக்குக் கிடைத்ததில்லை. ஒரு கடி கடித்தேன். நல்ல சோளம், வெண்ணெய் தடவியிருந்தது. இரண்டாவது கடி கடிக்காமல் கீழே வைத்தேன். பொய் சொல்லி ஊருக்குக் கூட்டிப்போனால், போடிமெட்டின் முதல் வளைவிலேயே மறுபடியும் கண்ணை மூடிக்கொள்வேன் என்று தோன்றியது.

"கயல், நான் தோத்துட்டேம்மா."

"என்ன?"

"ரெண்டாவது தடவ நின்னதுக்கு அப்புறம். கால ஊனிட்டேன். ரெண்டு காலும்."

ராதா கைப்பேசியைத் தாழ்த்தினாள். "சும்மா இருங்க லா. யாரு பாத்தா?"

"நான் பாத்தேன்."

கயல் என்னையே பார்த்தாள். "தசை பிடிச்சிருச்சா?"

"இல்ல. பனி வெலகுச்சு. அந்தக் குரங்கெல்லாம் கத்துச்சு. கீழ நம்ம வந்த ரோடு தெரிஞ்சது. நான் நின்னதே எனக்குத் தெரியல."

எனக்கு ஒரு ஜோக் வந்தது, நல்ல ஜோக்தான். சொல்லாமல் விழுங்கினேன். அதற்குப் பதிலாக, ஏழு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன்.

"பெரியப்பா வீட்ல எல்லாரும் சிரிச்சப்ப நான் நிறுத்தியிருக்கணும். நிறுத்தாம வீடியோ வேற எடுத்தேன். தப்பு என்னோடதுதான்."

ராதா சோளக் கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோட்டத்துப் பக்கமிருந்து காற்று வந்தது, பிளாஸ்டிக் கூரைகள் படபடவென்று அடித்தன. கயல் என் சைக்கிளைச் சுவரில் சாய்த்து வைத்தாள். விழுந்ததில் கோணிப்போயிருந்த பிரேக் பிடியைக் கையால் திருப்பி நேராக்கினாள். நேராகிவிட்டதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். அவ்வளவு நேரமும் என் பக்கம் திரும்பவில்லை.

"அப்போ பெட்டுப்படி இனிமே நான் கேக்கக் கூடாது," என்றேன். "கேக்க மாட்டேன்."

பிரேக் பிடியை இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்:

"போடிமெட்டு ரோட்டுக்காக வரேன், சொந்தக்காரங்களுக்காக இல்ல."